குசினிக் கூரைக்குப் போன பனை

எனக்குக் கோபம் வந்தால் மரத்தைத் தறித்துவிடுவேன் என்று என் கணவர் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் பகிடியாகச் சொல்லுவார். உண்மையில் நான் ஆள் பிடித்துத் தறிப்பித்தது என் வாழ்நாளில் ஒரேயொரு பனை. அதுவும் கோபத்தில் இல்லை, குசினிக்குக் கூரை போடுவதற்கு. அந்த ஒரு பனையால் ஓர் இங்கிலீசுக்காரரும் ஒரு பிரெஞ்சுக்காரியும் தங்கள் படகைக் கொண்டுபோய்க் கல்லில் ஏற்றினார்கள். ஏற்றிவிட்டு, உன் நாட்டுச் சனமே இப்படித்தான் என்று மூன்று நாள் ஒருவரையொருவர் திட்டினார்கள். நான் நடுவில் நின்று மொழிபெயர்த்தேன். பிழை இங்கிலாந்திலும் இல்லை, பிரான்சிலும் இல்லை, சண்டிலிப்பாயில் பிறந்த என்னில்தான் என்பது எனக்கு மட்டுமே தெரியும் என்று அப்போது நினைத்திருந்தேன்.

சண்டிலிப்பாயில் என் அப்பாவுக்குப் புகையிலையும் மரக்கறியும் செய்கிற தோட்டம் இருந்தது. நாங்கள் வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர். உடுவிலில் விடுதியில் நின்று, அமெரிக்க மிஷனரிப் பெண்களான மிசியம்மாமாரிடம் இங்கிலீசு படித்தேன். பிறகு ஆசிரிய கலாசாலையில் ஒருவரைச் சந்தித்தேன். அவர் காங்கேசன்துறைக்கும் பருத்தித்துறைக்கும் இடையில் உள்ள ஒரு கரையூர்க்காரர், சைவம், தலைமுறை தலைமுறையாகக் கடலோடிய வீட்டுப் பிள்ளை. அவருடைய தகப்பன் தண்டையல். பாய்க்கப்பலை நடத்துகிறவரைக் கரையில் அப்படித்தான் சொல்லுவார்கள். சாதியும் வேறு, சமயமும் வேறு. அறுபதுகளின் தொடக்கத்தில் இதில் ஒன்றே ஒரு கலியாணத்தைக் குழப்பப் போதும். எங்களிடம் இரண்டும் தாராளமாக இருந்தன.

"கடற்கரைச் சனம் இண்டைக்குப் பிடிச்சதை இண்டைக்கே திண்டு முடிக்கிற சனம். நாளைக்கு எண்டு ஒண்டையும் வையாது. அங்கை போய் என்ன செய்யப் போறாய்?" என்றார் அப்பா. மாமனார் சொன்னதும் எப்படியோ என் காதுக்கு வந்து சேர்ந்தது. "தோட்டக்காரர் தண்ணியை வாளிக்குள்ளை மட்டும் கண்டவை. ஒரு வெங்காயத்தை ரெண்டு நாளைக்கு வைச்சுக் கறி காய்ச்சிற ஆக்கள்." இப்படிச் சொன்ன இருவரும் ஒருவரையொருவர் கண்ணால் கண்டதே இல்லை.

பதிவுத் திருமணம் செய்துகொண்டோம். அப்பா வாசற் படலையைச் சாத்திவிட்டார். மாமனார் சாத்தவில்லை. தன் வளவின் கடற்கரைப் பக்க மூலையில் எங்களுக்குச் சிறிய வீடொன்று கட்ட இடம் விட்டார். இடம் விட்டாரே தவிர, வாயைத் திறக்கவில்லை. நான் "மாமா" என்று ஏதாவது கேட்டால் "ஓம்" அல்லது "இல்லை" வரும். அந்த இரண்டு சொல்லையும் நானே என் கையால் நிறுத்தினேன். அது இப்படி நடந்தது.

கணவருக்கு வன்னியில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாற்றல் வந்தது. மாதத்துக்கு ஒருமுறைதான் வீட்டுக்கு வருவார். எனக்குக் கரையூர்ப் பள்ளிக்கூடத்திலேயே இங்கிலீசு படிப்பிக்கிற வேலை கிடைத்திருந்தது. எங்கள் குசினி ஓலைக் கொட்டில். மாரி மழைக்கு அடுப்பு நனைந்து, புகைக்குள் இருந்து அழுதுகொண்டே சோறு வடித்தேன். வளவு மூலையில் தனியாக ஒரு பனை நின்றது. நெடிய மரம். கழுத்தில் கொஞ்சம் மேற்காகச் சாய்ந்த வளைவு. சண்டிலிப்பாய்க்காரிக்குப் பனை என்றால் என்ன? கூரைக்குச் சலாகையும் வளையும். வைரம் பாய்ந்த மரம் சும்மா காற்றுக்கு நின்று ஆடுகிறதே என்றுதான் எனக்குத் தோன்றியது. மாமா அப்போது கப்பலோடு திருகோணமலைக்குப் போயிருந்தார். கேட்பதற்கு ஆள் இல்லை என்பதைவிட, கேட்டால் "இல்லை" வரும் என்ற நினைப்பும் இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். எங்கள் ஊரில் இருந்தே மரம் தறிக்கிறவர்களைக் கூப்பிட்டேன். காலையில் விழுந்த மரம் பின்னேரத்துக்குள் சலாகையாகிவிட்டது. நல்ல கெட்டிக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அந்தக் கரையின் கடலைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. கரையிலிருந்து கொஞ்சத் தூரத்தில் தண்ணீருக்குக் கீழே பவளப்பாறையான முருகைக்கல் பார் நீளத்துக்குக் கிடக்கிறது. அதை உடைத்துக்கொண்டு ஓர் இடைவெளி உண்டு. அதற்கு வான் என்று பெயர். இரண்டு வள்ளம் பக்கத்தில் பக்கத்தில் போகலாம், மூன்றாவதற்கு இடமில்லை. வெளியிலிருந்து வருகிறவர்கள் வானை எப்படிக் கண்டுபிடிப்பது? பின்னால் தெரிகிற அம்மன் கோவில் கோபுரத்துக்கு நேர்கீழே அந்தத் தனிப்பனை வரும்வரை விலகிப்போய், இரண்டும் ஒரே கோட்டில் வந்ததும் சுக்கானை அசைக்காமல் உள்ளே வரவேண்டும். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. சூரியன் எந்தப் பக்கம் உதிக்கும் என்று புதிதாக வந்த மருமகளுக்கு யார் சொல்லிக்கொடுப்பார்கள்?

மாமா திரும்பி வந்தார். தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே உள்ளே வரக்கூடிய ஆள் அவர். வந்து மரத்தின் அடிக்கட்டையைப் பார்த்தார். குசினிக் கூரையைப் பார்த்தார். போய்விட்டார். இரண்டு கிழமையில் வேறொருவருடைய வள்ளம் பாரில் உரசி ஒரு பலகை போயிற்று. மாதக் கடைசியில் வந்த கணவர் படலையிலேயே தலையில் கை வைத்தார்.

"ஐயோ, உது மரமில்லையப்பா. உது வானுக்குக் குறி!"

ஒரு கம்பு நட்டால் போகிறது என்றேன். "ஐயாவிட்டைக் கேட்டுத்தான் நடவேணும். போய்க் கேள்" என்றார், தகப்பனைச் சொல்லி. நீங்கள் கேளுங்கள் என்றேன். தறித்த ஆள் நீ, நீ கேள் என்றார். நான் கேட்கவில்லை. வெட்கம் ஒரு பக்கம், கொழுப்பு ஒரு பக்கம். மாமாவும் தானாக ஒரு கம்பை நடவில்லை. கரையிலுள்ளவர்கள் பழக்கத்தை வைத்துச் சமாளித்துக்கொண்டார்கள். ஏழு மாதம் அவர் என்னோடு ஒரு சொல்லும் கதைக்கவில்லை. முற்றத்தால் போகும்போது என்னைத் தாண்டிப் பார்ப்பார். அந்த வளவில் நான் ஆள் இல்லை, வேலியில் நட்ட ஒரு கதியால். உள்ளுக்குள் உடைந்துபோயிருந்தேன். அப்பாவின் படலையும் சாத்தியாயிற்று, இந்த வாயும் சாத்தியாயிற்று என்றால் நான் எங்கே போவது?

புரட்டாதி மாதம், ஒரு சனிக்கிழமை காலை. கடற்கரையில் ஒரே சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தேன். வெள்ளை நிறத்தில், இரண்டு பாய்மரம் வைத்த சிறிய படகொன்று வெளிக்கடலில் இருந்து நேரே வந்துகொண்டிருந்தது. கரையில் நின்றவர்கள் சால்வையைக் கழற்றி வீசினார்கள், கத்தினார்கள். அது வருகிற கோட்டைப் பார்த்ததும் எனக்குக் காரணம் விளங்கிவிட்டது. என் மூலையில் பனை இல்லாததால், பக்கத்து வளவில் மேற்காக நின்ற இன்னொரு பனைதான் இப்போது தனியாகத் தெரிகிறது. அதைக் கோபுரத்துக்குக் கீழே பிடித்துக்கொண்டு அவர்கள் நம்பிக்கையோடு வந்தார்கள். 'கர்ர்' என்று ஒரு சத்தம். படகு அரைவாசி சாய்ந்து பாரில் குந்திவிட்டது.

சிறிது நேரத்தில் மாமா எங்கள் படலையில் நின்றார். ஏழு மாதத்துக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"பிள்ளை, உவை இங்கிலீசு கதைக்கினம் போலை கிடக்கு. ஒருக்கா வந்து கேட்டுச் சொல்லு."

அவருடைய வள்ளம் தண்ணீரில் தயாராக நின்றது. நான் கரையில் நின்றுவிட்டேன். அந்தக் கரையில் பெண்கள் வள்ளத்தில் கால் வைப்பதில்லை. தொட்டாலே கழுவித்தான் தொழிலுக்குப் போவார்கள். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் மாமாவையே பார்த்தார்கள்.

"ஏறு பிள்ளை" என்றார் மாமா.

யாரோ முணுமுணுத்தார்கள். மாமா திரும்பாமலே சொன்னார்: "அங்கை சுக்கான் பிடிச்சு வந்ததே ஒரு பொம்பிளை. இதிலை இன்னொரு பொம்பிளை ஏறினா கடல் வத்திப் போகாது."

ஏறினேன். எனக்கு நீந்தத் தெரியாது. வள்ளத்தின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். படகின் பின்னால் இரண்டு கொடி தொங்கியது. ஒன்று இங்கிலாந்து, ஒன்று பிரான்ஸ். மாமா இளவயதில் நாகபட்டினத்துக்கும் காரைக்காலுக்கும் ஓடியவர். முன்னது இங்கிலீசுக்காரர் ஆண்ட துறைமுகம், பின்னது பிரெஞ்சுக்காரர் ஆண்டது. தண்டு வலிக்கிறவர்களிடம் சொன்னார்: "நாகபட்டினத்திலை இங்கிலீசுக்காரன் எங்கடை கடதாசியைப் பாப்பான். காரைக்காலிலை பிரெஞ்சுக்காரன் எங்கடை மூஞ்சியைப் பாப்பான். ரெண்டு பேரும் ஒரு தோணியிலை வந்தா கல்லிலைதான் ஏறும்." எனக்குச் சிரிப்பு வந்தது. பயத்தில் அடக்கிக்கொண்டேன்.

அவர்கள் கணவன் மனைவி. அவர் நெடுநெடுவென்று வளர்ந்து, வெயிலில் இறால்போலச் சிவந்த இங்கிலீசுக்காரர். படகின் அடிக்கட்டை கல்லில் அரைபடுகிறது, அவர் என்னைக் கண்டதும் தொப்பியைக் கழற்றி, "உங்களுக்குச் சிரமம் கொடுத்ததற்கு மன்னிக்க வேண்டும்" என்றார். ஐந்து நிமிடத்தில் மூன்று முறை மன்னிப்புக் கேட்டார். தேநீர் போடட்டுமா என்றும் கேட்டார். அவள் தலைமயிரைக் கட்டையாக வெட்டி, ஆண்பிள்ளைகளின் காற்சட்டை போட்டிருந்தாள். மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு கையையும் ஆட்டி ஆட்டித் தன் பாஷையில் கடலைத் திட்டினாள், கல்லைத் திட்டினாள், கடைசியில் புருஷனைத் திட்டினாள்.

அவர்களுக்குள் கதைக்கிற பொதுப் பாஷை இங்கிலீசுதான். ஆகவே அவ்வளவும் எனக்கு விளங்கியது.

"இங்கிலீசுக்காரருக்குக் கடலை நம்பத் தெரியாது, கடதாசியைத்தான் நம்புவார்கள். கடதாசியில் பனை என்று போட்டிருந்தால், கண்ட பனையைப் பிடித்துக்கொள்வார்கள்" என்றாள் அவள்.

"பிரெஞ்சுக்காரர் கடதாசியை வாசிக்கவே மாட்டார்கள். தண்ணீரின் நிறம் நன்றாக இருக்கிறது என்று சொன்னது யார்?" என்றார் அவர், மிகவும் மரியாதையாக.

"என்ன சொல்லுகினம்?" என்று மாமா கேட்டார். சொன்னேன். "அந்தக் கடதாசியைக் காட்டச் சொல்லு" என்றார்.

அவர் ஒரு கொப்பிக்குள்ளிருந்து ஓர் ஒற்றைத் தாளை எடுத்து நீட்டினார். முன்பு ஒருமுறை இந்தக் கரைக்கு வந்துபோன நண்பர் ஒருவர் பென்சிலால் கீறிக் கொடுத்த படமாம். கோபுரம், கரை, கோபுரத்துக்குக் கீழே ஒரு தனிப்பனை. கழுத்தில் அந்த வளைவைக்கூட மனிதன் விடாமல் கீறியிருந்தார். மேற்காகக் கொஞ்சம் சாய்ந்த வளைவு. என் மூலைப் பனையேதான். மாமா அந்த ஒற்றையை வாங்கி நெடுநேரம் பார்த்தார். பிறகு மடித்துத் திருப்பிக் கொடுத்தார். ஒன்றும் சொல்லவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை. தமிழ் தெரிந்தவர்களுக்கு இங்கிலீசு தெரியாது, இங்கிலீசு தெரிந்தவர்களுக்குத் தமிழ் தெரியாது. நடுவில் நின்ற நான் எதையும் விழுங்கிவிடலாம். விழுங்கினேன்.

அன்று மத்தியானமே இழுத்துப் பார்த்தார்கள். ஆழத்தில் நங்கூரத்தைப் போட்டு, அதிலிருந்து வந்த கயிற்றைப் பிடித்து, வந்த வழியே பின்னுக்கு இழுக்கிற வேலை. அடிக்கட்டை கல்லை விட்டு எழும்புவதற்குப் படகை ஒரு பக்கம் சாய்க்க வேண்டும். இருபது ஆம்பிளைகள் ஒரே ஓரத்தில் ஏறி நின்றார்கள். மாமா சொல்லச் சொல்ல நான் இங்கிலீசில் கத்தினேன். படகு ஒரு சாண் அசைந்தது. பிறகு கயிற்றைக் கட்டியிருந்த பின்பாய்மரம் இழுத்த இழுப்பில் 'படார்' என்று முறிந்து தண்ணீரில் விழுந்தது. படகு இருந்த இடத்திலேயே இருந்தது.

மாமா வானத்தைப் பார்த்தார். "முழுநிலாப் பறுவத்துக்கு இன்னும் மூண்டு நாள் கிடக்கு. அண்டைக்குக் கடல் கொஞ்சம் கூட ஏறும். அதுக்கு முதல் வாடைக் காத்து எழும்பினா உது விறகுதான் எண்டு சொல்லு."

சொன்னேன். அவள் கையை ஆட்டவில்லை, திட்டவில்லை. "எங்களுக்கு இதைத் தவிர வேறு வீடு இல்லை. இருந்ததை விற்றுத்தான் இதை வாங்கினோம்" என்றாள். அதை மாமாவுக்குத் தமிழில் சொன்னேன்.

சாய்ந்து கிடக்கிற படகில் படுக்க முடியாது. மாமா அவர்களை என் வீட்டுக்கு அனுப்பிவைத்தார். வீட்டில் பெரிய இடம் குசினிதான். புதுக் கூரை, நல்ல நிழல். அந்தக் கூரைக்குக் கீழே, அந்தப் பனஞ்சலாகைகளுக்கு நேர்கீழே பாய் விரித்து இருந்துகொண்டு, இருவரும் அந்தப் பனையைப் பற்றியே சண்டை பிடித்தார்கள். என் நிலையை யோசித்துப் பாருங்கள். சோறு இறங்குமா?

இரண்டாம் நாள் நேருக்கு நேர் கதைப்பதை நிறுத்திவிட்டார்கள். "தயவுசெய்து என் மனைவிக்குச் சொல்லுங்கள், நூறு வருசமாக ஒரு பிரெஞ்சுக்காரர்கூடப் படத்தைச் சரியாகப் பிடித்ததில்லை" என்பார் அவர். அவள் அருகிலேயே இருந்து மீன் வெட்டிக்கொண்டிருப்பாள். "அவருக்குச் சொல், இங்கிலீசுக்காரர் படத்தோடு தாழுவார்கள், அதுவும் வரிசையில் நின்று தாழுவார்கள்" என்பாள். இருவருக்கும் இங்கிலீசு தெரியும், இருந்தும் நான் இங்கிலீசிலிருந்து இங்கிலீசுக்கு மொழிபெயர்த்தேன். எங்கள் மிசியம்மாமார் இப்படி ஒரு வேலைக்கு என்னை ஆயத்தப்படுத்தவில்லை.

ஒன்றைச் சொல்லவேண்டும். இங்கிலீசுக்காரர் நிதானம், பிரெஞ்சுக்காரர் விளையாட்டுப்புத்தி என்று படித்து வைத்திருந்தேன். என் கண்ணுக்கு முன்னால் அது தலைகீழாகக் கிடந்தது. அந்த மனிதர் இரவில் எழும்பி எழும்பிக் காற்று எந்தப் பக்கம் என்று பார்த்தார், நகத்தைக் கடித்தார். அவளோ முறிந்த பாய்மரத்தின் கயிறுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, பிழையில்லாமல் சுருட்டி, என் வேலியில் வரிசையாகத் தொங்கவிட்டாள். ஒரு பூடு முழுவதையும் தட்டிப் போட்டு அவள் காய்ச்சிய மீனை மாமா இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். அவளிடம், தான் காரைக்காலில் பழகிய "பொன்ழூர்" என்ற ஒரே வணக்கச் சொல்லைக் காலை, மதியம், பின்னேரம் மூன்று வேளையும் சொன்னார். என்னோடு தேவைக்கு மட்டும் கதைத்தார். தேவைக்காவது கதைக்கிறாரே என்று இருந்தது எனக்கு.

மூன்றாம் நாள் காலையில் அவள் சொன்னாள், இம்முறை நேரே என்னிடம்: "நாளைக்குப் படகு வெளியே வந்தால் கொழும்பில் விற்றுவிடுவோம். அவர் தன் ஊருக்கு, நான் என் ஊருக்கு. இப்படி ஒரு ஆளோடு இனிக் கடலில் இருக்க முடியாது. அவருக்குச் சொல்."

அவர் பக்கத்தில்தான் இருந்தார். நான் திரும்பினேன், சொல்ல வாயெடுத்தேன், முடியவில்லை. அந்த மனிதர் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்த விதம் எனக்குத் தெரிந்த விதம். ஏழு மாதமாக நானும் முற்றத்தைக் கூட்டும்போது அப்படித்தான் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மரத்துக்காக ஒரு வீட்டில் பேச்சு நின்றது போதாதா, இன்னொரு வீடும் உடைய வேண்டுமா?

"நீங்கள் தேடின பனை உங்கள் தலைக்கு மேலே இருக்கிறது" என்றேன்.

விளங்காமல் பார்த்தார்கள். கூரையைக் காட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன். மழை, அடுப்பு, சலாகை, குறி, பலகை போன வள்ளம், கேட்காமல் விட்ட கம்பு. உங்கள் படம் சரி, நீங்கள் பிடித்த விதமும் சரி, மரம்தான் இல்லை, அதைத் தறித்தது நான் என்றேன். சொல்லி முடித்துத் திரும்பினால், குசினி வாசலில் ஒரு கோர்வை மீனோடு மாமா நின்றார்.

"என்ன பிள்ளை அழுறாய்? என்ன சொன்னனி?"

அப்போதும் விழுங்கியிருக்கலாம். எனக்குப் போதும் போதும் என்று ஆகிவிட்டது. "மாமா, அவை கல்லிலை ஏறினது என்னாலை எண்டு சொன்னனான். அந்தக் கடதாசியிலை இருந்தது நான் தறிச்ச மரம்."

மாமா மீனைக் கீழே வைத்தார்.

"அது எனக்குத் தெரியும். அண்டைக்கு உந்தக் கடதாசியைக் கண்டவுடனையே தெரியும். எங்கடை மரத்தை எனக்குத் தெரியாதே?"

"பிறகு ஏன் ஒண்டும் சொல்லேல்லை?"

"பிறத்தி ஆக்களுக்கு முன்னாலை என்ரை மருமோளைக் குற்றம் சொல்லுறதோ?"

எனக்கு அழுகை இன்னும் கூடிற்று. அவர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். பிறகு, "அவைக்கு இதையும் சொல்லு. ஒரு கம்பு நட எனக்கு அரை மணித்தியாலம் காணும். நீ வந்து கேள் எண்டு ஏழு மாசமா வீம்புக்கு இருந்தனான். அதுவும் ஒரு தண்டையல் செய்யிற வேலையில்லை. உன்னிலை பாதி, என்னிலை பாதி" என்றார்.

அதையும் மொழிபெயர்த்தேன். நாடுகளைக் குற்றம் சொல்ல இனி வழியில்லை என்றானதும் இருவருக்கும் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது என்று நினைக்கிறேன். இங்கிலீசுக்காரர் எழுந்து நின்று சலாகையொன்றைத் தட்டிப் பார்த்து, "அருமையான மரம்" என்றார். பிறகு, ஏனோ தெரியாது, என்னிடம் மன்னிப்புக் கேட்டார். அதைக் கேட்டதும் அவள் சிரிக்கத் தொடங்கினாள். கண்ணீர் வரச் சிரித்தாள். "பார், பார், இவர்களுடைய மரத்துக்கும் நீதான் மன்னிப்புக் கேட்கிறாய்" என்று அவரிடமே நேரே சொன்னாள். என்னை இடையில் விடவில்லை. அவர் போய் அவளுக்குப் பக்கத்தில் பாயில் இருந்தார்.

பறுவத்தன்று வாடை எழும்பவில்லை. அதற்கு யாருக்கு நன்றி சொல்வது என்பதில் மாமாவுக்கும் எனக்கும் வித்தியாசம் இருந்தது. அவர் அம்மனுக்குக் கற்பூரம் கொளுத்தினார், நான் கர்த்தரைத் தொழுதேன். விடியற்காலம் கடல் ஏறி நின்றபோது, அன்று தொழிலுக்குப் போகவேண்டிய வள்ளங்கள் ஒன்றும் போகவில்லை. கரையே கயிற்றில் நின்றது. நான் மறுபடியும் வள்ளத்தில் ஏறினேன். இம்முறை யாரும் முணுமுணுக்கவில்லை. அவள் சுக்கானில், அவர் நங்கூரக் கயிற்றில். மாமா "இப்ப!" என்றார், நான் இங்கிலீசில் கத்தினேன். படகு முனகியது, பிறகு பாரை விட்டு வழுக்கிக்கொண்டு ஆழத்துக்குள் இறங்கி மிதந்தது. கரை முழுக்க ஆரவாரம். அவர் தன் நாட்டு நிதானத்தை எல்லாம் மறந்து மாமாவைக் கட்டிப்பிடித்துத் தூக்கினார். அவள் மிகவும் அடக்கமாக எனக்குக் கைகொடுத்தாள்.

பத்து நாள் நின்று, படகு கட்டுகிற எங்கள் கரை ஓடாவிமாரோடு சேர்ந்து அடிப்பலகையைத் திருத்தினார்கள். ஒற்றைப் பாய்மரத்தோடு, வாடைக்கு முன்பாகத் திருகோணமலைக்குப் போய்விட்டார்கள். முறிந்த பின்பாய்மரத்தை எங்கள் முற்றத்தில் விட்டுப்போனார்கள். முறிந்ததற்குப் பிறகும் வீட்டுக் கூரையின் உயரத்தைவிட நீளமாக இருந்தது.

அவர்கள் போன அடுத்தநாள் மாமாவின் வீட்டு வாசலில் போய் நின்றேன்.

"மாமா, அந்தப் பாய்மரத்தைப் பனை நிண்ட இடத்திலை நடுவமோ?"

"ஓம்" என்றார். குழி தோண்டுகிற அலவாங்கு ஏற்கெனவே சுவரோடு சாத்தி வைக்கப்பட்டிருந்தது.

அவரே கிடங்கு கிண்டினார். உச்சியில் ஒரு பலகையை அடித்துச் சுண்ணாம்பு பூசினோம். அன்றிலிருந்து ஒவ்வொரு வருடமும் மாரிக்கு முன் அதற்குச் சுண்ணாம்பு பூசுவது எங்கள் வீட்டு வேலையாயிற்று. பிள்ளை பிறந்தபோது ஒருவழியாக அப்பா படலையைத் திறந்துகொண்டு எங்களைப் பார்க்க வந்தார். இரண்டு சம்பந்திகளும் அந்தக் கம்பத்துக்குக் கீழே நின்று வெங்காயத்தைப் பற்றி ஒரு மணித்தியாலம் கதைத்தார்கள். அந்த வெள்ளைக்காரச் சோடி படகை விற்கவில்லை. சில வருடங்களுக்கு ஒருமுறை ஏதாவதொரு துறைமுகத்திலிருந்து தபாலட்டை வரும். பாதி அவருடைய கையெழுத்து, பாதி அவளுடையது. எங்கே எதில் மோதினோம், அது யாருடைய நாட்டின் பிழை என்று இருவரும் தனித்தனியாக எழுதியிருப்பார்கள்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு கார்த்திகை மாதப் பின்னேரம். மாமாவுக்கு அப்போது எழுபது தாண்டிவிட்டது. வேண்டாம் என்று சொல்லக் கேளாமல் தன் சகோதரியின் பிள்ளைகளோடு வள்ளத்தில் போயிருந்தார். திடீரென்று மழை பிடித்து, கடலும் வானமும் ஒன்றாய்ப் போயிற்று. நான் படலையில் நின்று நின்று பார்த்தேன். கோபுரம்கூட மங்கலாகத்தான் தெரிந்தது. பொழுது படுகிற நேரத்தில் நனைந்து நடுங்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். நேரே தன் வீட்டுக்குப் போகாமல் எங்கள் குசினிக்குள் வந்து, அடுப்பருகில் குந்தினார். துவாயைக் கொடுத்தேன். தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். தலைக்கு மேலே பழைய சலாகைகள். மழை ஒரு சொட்டும் உள்ளே வரவில்லை.

"பயந்திட்டன் மாமா. எப்பிடி வந்தனீங்கள்?"

அவர் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்து ஒரு வாய் குடித்தார்.

"ஒண்டும் தெரியேல்லை பிள்ளை. கோவிலும் தெரியேல்லை, கரையும் தெரியேல்லை. உன்ரை மரம் மட்டும் தெரிஞ்சுது."